கச்சான் வந்தால் தின்னிறதில்லை

இந்தப் பக்கத்தில் இளைப்பாறியவர்கள்தான் எழுதுவது வழக்கம். போன முறை ஒரு வங்கி முகாமையாளர் எழுதியிருந்தார். அதற்கு முந்தின முறை முப்பது வருடம் தாதியாக இருந்த ஒரு அம்மா. நானும் இளைப்பாறியவன்தான். வயது இருபத்தேழு, சேவைக்காலம் ஐந்து வருடம். பிரியாவிடைக்குக் கேக் வெட்டினார்கள், என் பெயரில் ஒரு எழுத்துப் பிழையுடன். ஆகவே எனக்குத் தகுதி உண்டு என்று பத்திரிகை ஆசிரியரிடம் சொன்னேன்.

"பகிடியை விட்டிட்டு எழுதுவியெண்டால் எழுது" என்றார்.

முயற்சி செய்கிறேன்.

எழுத வைத்தது ஒரு தொலைபேசி அழைப்பு. இந்த யூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மொன்ட்ரியால்-நோரில் மச்சானின் டெபனர் கடையில் காசு மேசைக்குப் பின்னால் நிற்கிறேன். வடக்கே காடு எரிகிறது என்று வானொலி சொல்லிக்கொண்டிருக்கிறது. தெரியாத இலக்கம்.

"வணக்கம் சார். என் பேர் சதீஷ். நீங்க வேலை பார்த்த முதியோர் இல்லத்துல இப்போ நான்தான் மெயின்டனன்ஸ் பாக்குறேன். எட்டாவது மாடி மெஷின் ரூம்ல, பேனல் கதவுக்கு உள்பக்கம் மார்க்கர்ல தமிழ்ல எழுதியிருக்கு. கீழ உங்க நம்பர்."

"என்ன எழுதியிருக்கு?"

"'கச்சான் வந்தால் தின்னிறதில்லை, பூட்டிறது.' தமிழ்தான். ஆனா ஒண்ணுமே புரியல சார்."

"சார் எண்டு சொல்லாதேங்கோ. எனக்கு இருபத்தேழு."

அவர் சென்னையில் பொறியியல் படித்தவர், நாற்பதைத் தொட்டவர் என்று பிறகு தெரிந்தது. "சரி தம்பி" என்றார், உடனடியாகப் பதவியிறக்கி. "இன்னொரு விஷயம். அந்த மாடியில ஒரு வயசான அம்மா, மதாம் தெரியோன்னு. தினமும் காலையில என்னைப் பார்த்து 'சோலகா?'ன்னு கேக்குறாங்க. நான் 'உய்', ஆமான்னு சொல்லிட்டுப் போயிடுறேன். ஓகேதானே?"

"ஒவ்வொரு நாளும் உய் எண்டோ சொல்லுறியள்?"

"ஆமா. ஒரு மரியாதைக்கு."

"அண்ணை, கச்சான் எண்டால் மேல்காத்து. மேற்கால வாறது. சோழகம் எண்டால் தெற்கால வாற காத்து. கச்சான் வந்தால் எட்டைப் பூட்டவேணும். சோழகம் அடிச்சால்தான் அவவுக்கு உய். இனிமேல் கூரைக்குப் போய்ப் பாத்திட்டுச் சொல்லுங்கோ."

"காத்தைப் போய் ஏன் திங்கணும்?"

"அது பெரிய கதை. பேந்து சொல்லுறன்." கடைக்குள் ஒருவர் பால் போத்தலுடன் காத்திருந்தார்.

அந்தப் பெரிய கதைதான் இது.

எனக்கும் படிப்புக்கும் சண்டை ஒன்றும் இல்லை. ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்வதில்லை என்ற உடன்பாடுதான். பள்ளிக்கூடம் முடித்து, சேஜெப் கல்லூரியில் ஒன்றரைத் தவணை இருந்தேன். பிறகு ஆறு மாதம் கட்டடப் பராமரிப்புப் படிப்பு. அங்கே நான் உருப்படியாகக் கற்றது ஒன்று: காற்று வடிகட்டியின் ஓரத்தில் ஒரு அம்புக்குறி இருக்கும், காற்று போகும் திசையை அம்பு பார்க்கவேண்டும். தமிழ் படித்தது மாதா கோயில் மண்டபத்தில், சனிக்கிழமைகளில். அங்கே என்னை அதிகமாக வெளியேதான் நிறுத்தினார்கள். ஆனாலும் கதவு திறந்துதான் இருந்தது.

அம்மா ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பிறகு கிளாரா அக்காவைப் பிடித்து எனக்கு ஒரு வேலை கேட்டார். கிளாரா அக்கா அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பக்கம், ஆற்றங்கரைக்குக் கிட்ட, எட்டு மாடி முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்புத் தலைவி. அவருக்குக் கீழே வேலை செய்ய அனுமதிக்கப்பட்ட ஆட்களின் எண்ணிக்கை ஒன்று. அந்த ஒன்று நான்.

அவருக்கு ஐம்பது வயதிருக்கும். மன்னார்க்காரி, கடற்றொழில் குடும்பம். உயரம் என் தோள்வரை. அவர் சத்தம்போட்டு நான் ஒருநாளும் கேட்டதில்லை. பிழை செய்தால் பிழையைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார், பிறகு திரும்பவும் பிழையைப் பார்ப்பார். அவ்வளவுதான். ஏசியிருந்தால் நான் ஏதாவது சொல்லிச் சிரித்துத் தப்பியிருப்பேன். இதற்கு மறுமொழி கிடையாது.

வேலைப் பதிவுக் கொப்பி ஒன்று இருந்தது. ஒவ்வொரு நாளும் பிரெஞ்சில் இரண்டு வரி எழுதவேண்டும். சேர்ந்த மூன்றாம் மாதம் நான் எழுதியது: "இரண்டாம் மின்தூக்கி இன்று கோபத்தில் இருக்கிறது. காரணம் கேட்டேன், சொல்லவில்லை." அதை இல்லத்தின் நிர்வாகி வாசித்துவிட்டார். மெலிந்த, எப்போதும் ஏதோ பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி நடக்கிற மனிதர். "மெசியூ டினோஷன், இது சர்க்கஸ் இல்லை" என்றார். டினோஷன் என்கிற என் பெயரை முழுதாகச் சொல்ல அந்தக் கட்டடத்தில் அவரால் மட்டும்தான் முடியும், கோபத்தில் மட்டும். மற்றவர்களுக்கு நான் டினோ.

இனி அந்தக் கோடை.

அந்த வருடம் வடக்கிலும் வடமேற்கிலும் காடுகள் மே மாதக் கடைசியிலேயே பிடித்துக்கொண்டன. நெருப்பு எங்களுக்கு எட்டாத தூரம். வந்தது புகை. எங்கள் இல்லத்துக்குப் புகை என்ன செய்யும் என்று கொஞ்சம் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நாங்கள் ஏன் வேலையை விட்டுவிட்டு வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம் என்று விளங்காது.

கூரையில் இரண்டு பெரிய காற்றுப் பெட்டிகள் இருந்தன. வெளிக்காற்றை இழுத்து, வடிகட்டி, மாடி வழிகளுக்குள் தள்ளுபவை. பெரியது ஏழு மாடிகளுக்கு. எட்டாவது மாடி பிறகு கட்டியது என்பதால் அதற்குத் தனியாக ஒரு பழைய பெட்டி. புகை வந்தால் வெளிக்காற்று வருகிற வாயில் உள்ள தகட்டை மூடி, உள்ளே இருக்கிற காற்றையே சுற்றவிட வேண்டும். பெரிய பெட்டிக்கு அதை ஒரு மோட்டார் செய்யும், செய்ய விருப்பம் இருந்தால். எட்டாவது மாடிக்கு மோட்டார் இல்லை. மாடி வழியின் கடைசியில் ஒரு சின்ன அறை, அதற்குள் ஒரு நெம்புகோல். கையால் கீழே இழுக்கவேண்டும். அதோடு குளியலறைகளின் காற்றுறிஞ்சிகளையும் நிறுத்தவேண்டும். அவை ஓடினால் உள்ளே இருக்கிற காற்று வெளியே போகும், அந்த இடத்தை நிரப்ப யன்னல் இடுக்கால் புகை வரும். இதெல்லாம் பன்னிரண்டு நிமிட வேலை. நான் ஒன்பது நிமிடத்தில் செய்வேன். கிளாரா அக்கா அதற்குப் பாராட்டாக எதுவும் சொல்லவில்லை.

அப்படியென்றால் கோடை முழுக்க மூடியே வைக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

"எட்டாம் மாடியில ஏறி அரை நாள் இருந்து பார்" என்றார் அக்கா.

மாடி வழிகளில் குளிரூட்டி கிடையாது. மூடினால் வெக்கை. எண்பது, தொண்ணூறு வயதுக்காரர்கள் வெக்கையில் சத்தமில்லாமல் விழுவார்கள். திறந்தால் புகை. ஆகவே நல்ல காற்று அடிக்கிற ஒவ்வொரு மணித்தியாலமும் திறந்து கட்டடத்தை மூச்சுவிட வைக்கவேண்டும், கெட்ட காற்று வந்து சேருவதற்கு முன்பு மூடவேண்டும். பிந்தி மூடினால் புகையையும் சேர்த்து உள்ளே பூட்டியதாகிவிடும்.

அதனால்தான் வானம் பார்த்தோம். அக்கா மூன்று பார்வை வைத்திருந்தார். முதலாவது, கைத்தொலைபேசியில் புகை வரைபடம். இரண்டாவது, கூரைக் கம்பியில் தானே கட்டிவிட்ட செம்மஞ்சள் நாடா, எந்தப் பக்கம் பறக்கிறது என்று. மூன்றாவது, ஆற்றுக்கு அங்கால் லாவால் கரையில் தெரிகிற ஒரு தேவாலயக் கூம்பு. கூம்பின் சிலுவை தெரிந்தால் நல்லது. சிலுவை மங்கினால் தயாராகு. கூம்பே மங்கினால் நீ ஏற்கனவே பிந்திவிட்டாய். வரைபடம் சொல்வதையும் நாடா சொல்வதையும் ஒப்பிட்டு, ஒத்துவராவிட்டால் நாடாவைத்தான் நம்புவார். காலை ஏழு மணியிலிருந்து அரை மணிக்கொரு தரம் கூரைக்கு ஏறுவார். மதியச் சாப்பாட்டையும் அங்கேதான் சாப்பிட்டார், ஒரு கையில் பாண், மற்றக் கையில் தொலைபேசி, கண் நாடாவில்.

அந்த எட்டாவது மாடியில் யாருக்காக இவ்வளவு பயம் என்றால், எட்டு நூற்றுப் பன்னிரண்டாம் அறை மதாம் தெரியோவுக்காக. அது அவருடைய குடும்பப் பெயர். தமிழ்க் காதுக்கு அது கேள்வி மாதிரிக் கேட்கும். "மதாம் தெரியோ" என்று யாராவது சொன்னால் "தெரியும்" என்று நான் மறுமொழி சொல்வேன், ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். எண்பத்து மூன்று வயது. நுரையீரல் வருத்தம். மூக்கில் குழாய், பக்கத்தில் ஒட்சிசன் இயந்திரம். நல்ல நாளிலேயே கட்டிலில் இருந்து யன்னலுக்குப் போக இரண்டு முறை நிற்பார். புகை பட்டால் அவருக்கு அடுத்த இடம் ஆஸ்பத்திரி, அதற்கு அடுத்த இடம் பற்றி மருத்துவர் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தார். அது எங்களுக்கும் தெரியும்.

அவருக்கு இன்னொரு ஆபத்தும் இருந்தது. கச்சான் ஒவ்வாமை. தமிழ்நாட்டு வாசகர்களுக்குச் சொல்கிறேன், நாங்கள் கச்சான் என்பது உங்கள் வேர்க்கடலையை. எட்டாவது மாடி மின்தூக்கி வாசலில் கச்சான் படம் போட்டு, மேலே சிவப்புக் கோடு கீறிய அறிவித்தல் இருந்தது. அந்தக் கோடையின் தொடக்கத்தில் யாரோ ஒருவருடைய உறவினர் கச்சான் வெண்ணெய் பூசிய விசுக்கோத்து கொண்டுவந்து பெரிய பிரச்சினை ஆகியிருந்தது. "வாசலைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று நிர்வாகி எங்கள் இருவருக்குமே சொல்லியிருந்தார்.

கிளாரா அக்காவும் நானும் கதைப்பது கைவானொலியில். இல்லத்தின் விதிப்படி பிரெஞ்சில் கதைக்கவேண்டும். ஆனால் என் இடுப்பில் இருக்கிற வானொலி மாடி வழியெல்லாம் கேட்கும். முதல் நாள் அக்கா பிரெஞ்சில் "புகை வருகிறது" என்று சொல்லி, ஐந்தாம் மாடியில் ஒரு மனிதர் தன் பெட்டியைக் கட்டிக்கொண்டு மின்தூக்கிக்கு வந்துவிட்டார். அன்றிலிருந்து அக்கா புகையைத் தமிழில் சொன்னார்.

"டினோ, வாடை வருது."

நான் கையைத் தூக்கி மணந்து பார்த்தேன். பிறகு வானொலியில் கேட்டேன், "ஆரிட்ட இருந்து அக்கா?"

"வடக்கால வாற காத்துக்கு வாடை எண்டு பேர். பூட்டு."

மாலையில் கூரையில் நிற்கும்போது அவரே கதையை எடுத்தார். "கடல்ல நாலு காத்துக்கு நாலு பேர் இருக்கு. மிச்ச மூண்டையும் சொல்லட்டோ?"

"ஒண்டு போதும் அக்கா. சோதினைக்கு வராதெல்லே."

"வந்தாலும் வரும்" என்றார். நாடாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்ப நாடாவைப் பார்த்தார்.

மூன்று கிழமை எல்லாப் புகையும் வடக்கால்தான் வந்தது. வாடை என்றால் ஓடு, இழு, நிறுத்து. கை தானாகச் செய்தது.

நாலாவது கிழமை ஒரு வியாழக்கிழமை, பின்நேரம் இரண்டு மணி. காலையில் கூம்பு, சிலுவை எல்லாம் நன்றாகத் தெரிந்ததால் இரண்டு பெட்டியையும் திறந்துவிட்டிருந்தோம். நான் ஏழாவது மாடியில் ஒருவருடைய யன்னல் திரையைக் கொழுவிக்கொண்டிருந்தேன். அக்கா கூரையில்.

"டினோ, கச்சான் வருது. எட்டைப் பூட்டு. கெதியா."

"ஓம் அக்கா, விளங்கிற்று."

எனக்கு விளங்கியது இதுதான்: கச்சானோடு யாரோ வருகிறார்கள், எட்டாவது மாடிக்குள் விடாதே.

படியால் ஒரே ஓட்டம். எட்டாவது மாடியில் மின்தூக்கி வாசலுக்கும் மாடி வழிக்கும் நடுவில் இருக்கிற பெரிய கதவைச் சாத்தி, திறப்பால் பூட்டி, அதற்கு வெளியே நின்றேன். அந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவ்வளவு பொறுப்பாக நான் நின்றதில்லை. முதலில் ஒரு பெண் வந்தார், கையில் பை.

"மன்னிக்கவேணும் மதாம். உள்ளே என்ன?"

"செரிப்பழம். என்ன, விமான நிலையமா?"

திறந்து பார்த்தேன். செரிப்பழம்தான். மன்னிப்புக் கேட்டு, உள்ளே விடவில்லை. ஆபத்து முடியட்டும் என்றேன். அடுத்து ஒரு கிழவர், தன் தமக்கையைப் பார்க்க. அவருடைய மேலங்கிப் பைகளைக்கூடத் தடவினேன். இருமல் இனிப்பு. அவர் மூக்கை உறிஞ்சி, "ஏதோ கருகுகிறது" என்றார். கீழே குசினியில் பாண் வாட்டுகிறார்கள் என்று சொன்னேன். எனக்கும் மணத்தது. நான் பாண் என்றுதான் நினைத்தேன்.

எனக்குப் பின்னால், பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம், பழைய காற்றுப் பெட்டி வாயைத் திறந்துவைத்துக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தது. கதவையும் நான் சாத்திவிட்டதால் அது இழுத்த எல்லாம் அந்த மாடிக்குள்ளேயே நின்றது.

அக்கா ஏன் வந்து பார்க்கவில்லை என்றால், பெரிய பெட்டியின் மோட்டார் அன்றைக்கென்று இறுகிவிட்டது. ஏழு மாடிகளின் தகட்டைக் கையால் தள்ளித் தள்ளி மூடிக்கொண்டிருந்தார். எட்டாவது என் பொறுப்பு. "விளங்கிற்று" என்று சொல்லியிருக்கிறேன். அவர் இறங்கி வந்தபோது முப்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. முகமெல்லாம் கிறீஸ். அவர் வந்த கதவால் வெளிச்சம் செம்மஞ்சளாக வந்தது.

"பூட்டிற்றியா?"

"பூட்டிற்றன். ஒரு கச்சானும் உள்ளுக்குப் போகேல்லை."

கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இந்த முறை திரும்பக் கதவைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த திறப்பைப் பறித்துத் திறந்துகொண்டு ஓடினார். மாடி வழி முழுக்க மெல்லிய சாம்பல் நிறம். அவர் நேரே கடைசி அறைக்குப் போய் நெம்புகோலை இழுக்கிற சத்தம் கேட்டது. நான் எட்டு நூற்றுப் பன்னிரண்டுக்குப் போனேன்.

மதாம் தெரியோ கதிரையின் நுனியில், இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு இருந்தார். உதடு நீலம். கண் என்னைப் பார்த்தது. அழைப்பு மணியின் கயிறு கட்டில் பக்கம், அவருக்கு எட்டாத இடத்தில் இருந்தது. நான் அதை இழுத்தேன். தாதி வந்து ஒட்சிசனைக் கூட்டினார். பிறகு அம்புலன்ஸ் ஆட்கள். அவரை மின்தூக்கிக்குள் ஏற்றும்போது, கச்சான் படத்துக்குக் கீழே, செரிப்பழப் பை வைத்திருந்த பெண் சுவரோடு ஒதுங்கி இடம் விட்டார்.

அக்கா அதற்குப் பிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வாசல்ல ஏன் நிண்டனி?"

சொன்னேன்.

அவர் கீழ்ப்படியில் இருந்தார். "மேல்காத்துக்குக் கச்சான் எண்டு பேர்" என்றார். "இண்டைக்குத்தான் முதல்தரம் மேற்கால அடிச்சது."

விபத்து அறிக்கையில் "காரணம்" என்று ஒரு கட்டம் உண்டு. நான் என் பிரெஞ்சில் உண்மையை எழுதினேன்: "மேற்குக் காற்று என்று எனக்குச் சொல்லப்பட்டது. வேர்க்கடலை என்று நான் விளங்கிக்கொண்டேன்." ஐந்து வருடத்தில் நான் ஒரு துளி பகிடி சேர்க்காமல் எழுதிய முதல் வரி அதுதான்.

நிர்வாகி அதை இரண்டு தரம் வாசித்தார். "ஒரு பெண் தீவிர சிகிச்சையில் இருக்கிறார். நீங்கள் இதை எழுதுகிறீர்கள். உண்மையை எழுதுங்கள், அல்லது திறப்புகளை மேசையில் வையுங்கள்."

"இது உண்மை மெசியூ."

"மின்தூக்கி கோபமாக இருந்ததும் உண்மையா?"

திறப்புகளை எடுத்து மேசையில் வைக்கப் போனேன். கிளாரா அக்கா கதவில் நின்றார். கூப்பிடாமலே வந்திருந்தார்.

"அவர் எழுதினது சரி" என்றார், அவருடைய சுத்தமான பிரெஞ்சில். "எங்கள் மொழியில் ஒரே சொல். நான் சொன்னேன், அவர் அப்படி விளங்கிக்கொண்டார்."

"வானொலியில் பிரெஞ்சில் கதைக்கவேண்டும் என்பது விதி. நீங்கள் ஏன் உங்கள் மொழியில் சொன்னீர்கள்?"

ஐந்தாம் மாடிக்காரரின் பெட்டியைப் பற்றி அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "விதி தெரியும்" என்று மட்டும் சொன்னார். அவருடைய சேவைக் கோவைக்குள் எழுத்தில் ஒரு எச்சரிக்கை போனது. எனக்கும் ஒன்று. என் கோவைக்கு அது பழக்கம். அவருடையதில் அதுதான் முதலாவது.

வெளியே வந்து மின்தூக்கிக்கு நிற்கும்போது சொன்னார், "இனிப் பிரெஞ்சிலயே சொல்லுறன். அதாவது உனக்கு விளங்குமோ?"

அவர் பகிடி விட்டு நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். எனக்குச் சிரிக்க வரவில்லை.

மதாம் தெரியோ பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அந்தப் பதினொரு நாளும் நான் வரைபடம் பார்த்தேன், எட்டு நூற்றுப் பன்னிரண்டு வெறுமையாக இருந்தபோதும். கோயிலில் மழைக்காக மன்றாடினார்கள். நான் தென்திசைக் காற்றுக்காக மன்றாடினேன், பிரெஞ்சிலும் தமிழிலும், எது விளங்கினாலும் சரி என்று. அக்காவிடம் மிச்ச மூன்று பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டேன். மேற்கு கச்சான், கிழக்கு கொண்டல், தெற்கு சோழகம். அவர் சொல்லும்போது குரலில் ஒரு குத்தலும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் மதாம் தெரியோ திரும்பி வந்தார், முன்னிலும் தடித்த குழாயோடு. நான் அறைக்குப் போய் நின்றேன்.

"நீதான் கதவைப் பூட்டினவன்" என்றார். ஒரு மூச்சுக்கு மூன்று சொல்.

"உய் மதாம்."

"ஏன்?"

சொன்னேன். அவர் நடுவில் நிறுத்தினார். "அப்படியென்றால், நான் உள்ளே மூச்சுத் திணறிக்கொண்டிருக்க, நீ வெளியே என்னைப் பினொட்டிலிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தாய்." பினொட் என்பது இங்கத்தைய பேச்சுப் பிரெஞ்சில் வேர்க்கடலை.

"உய் மதாம்."

"யாரையாவது பிடித்தாயா?"

"ஒரு செரிப்பழப் பை."

அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இருமலாகி, தாதி ஓடிவந்து என்னை வெளியே கலைத்தார். அடுத்த நாளிலிருந்து என் பெயர் டினோ இல்லை, பினொட்.

அந்த அடுத்த நாளே அவர் இன்னொன்றும் கேட்டார். "எனக்கு நல்லது செய்கிற காற்றுக்கு உங்கள் ஆட்கள் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள்?"

"சோழகம்."

அவர் சொல்லிப் பார்த்தார், ழகரம் வரவில்லை. சனிக்கிழமைப் பள்ளியில் எனக்கும் வரவில்லை, ஆகவே திருத்தவில்லை. அன்றிலிருந்து காலை ஒன்பதரைக்கு, கதவைக் கொஞ்சம் திறந்துவைத்துக்கொண்டு, நான் போகும்போது கேட்பார்: "சோலகா?" உய் என்றால் கதவைத் திறந்தே விடுவார், மாடி வழிக் காற்று உள்ளே போகும். நொன் என்றால் மூடிக்கொள்வார், கீழ் இடுக்கில் ஈரத் துவாயை நான் வைத்துவிடுவேன். நாள் முழுக்க அவருக்கு எவ்வளவு மூச்சு என்பது அந்த ஒரு சொல்லில் இருந்தது.

ஒரு தரம் கூரைக்குப் போகாமல் உய் என்று சொன்னேன். முதல் நாள் தெற்குக் காற்று, அன்றைக்கும் அதுதான் என்ற நினைப்பு. படிகள் வேறு நிறைய. அவர் கதவைத் திறக்கவில்லை. யன்னலைக் காட்டினார். எதிரே கார் திருத்துகிற இடத்தில் ஒரு கொடி. அது எங்களை நோக்கிக் கிழக்காகப் பறந்துகொண்டிருந்தது. கச்சான்.

"பினொட்" என்றார். கதவை மெதுவாகச் சாத்தினார்.

நான் ஓடிப்போய் நெம்புகோலை இழுத்தேன். இழுத்த கையோடு பேனல் கதவின் உள்பக்கத்தில் அந்த வரியை எழுதினேன்: "கச்சான் வந்தால் தின்னிறதில்லை, பூட்டிறது." கீழே என் இலக்கத்தையும், யாராவது எனக்குப் பிறகு வந்தால் கேட்கட்டும் என்று. கிளாரா அக்கா அதைக் கண்டார். எழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்ப எழுத்தைப் பார்த்தார். அழிக்கச் சொல்லவில்லை.

போன வருடம் இல்லத்துக்குப் புகையை மணக்கிற கருவிகள் வந்தன. எட்டாவது மாடிக்கும் மோட்டார் வைத்து, பராமரிப்பை ஒரு வெளிக் கம்பனிக்குக் கொடுத்துவிட்டார்கள். கிளாரா அக்கா டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் போய்விட்டார். எனக்குக் கேக். இப்போது மச்சானின் கடையில் நான் கச்சான் விற்கிறேன், உப்புப் போட்டதும் போடாததும். விற்கும்போதெல்லாம் வெளியே மரம் எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்க்கிறேன். மச்சான் அதை விசர் என்கிறான்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்குத் திரும்புகிறேன். பால் போத்தல்காரரை அனுப்பிவிட்டு நிற்க, சதீஷ் திரும்ப அழைத்தார்.

"தம்பி, யோசிச்சேன். இப்போ சென்சார் இருக்கு. புகை வந்தா அதுவே மூடிடும். நான் எதுக்குக் கூரை ஏறணும்?"

"அவ சென்சரைக் கேக்கேல்லையே அண்ணை. உங்களைத்தானே கேக்கிறா."

"ஏறுறேன்" என்றார்.

பத்து நிமிடத்தில் ஒரு படம் வந்தது. கூரைக் கம்பியில் நாடா, வெளுத்துப்போய், நேரே கீழே தொங்குகிறது. கீழே கேள்வி: "காத்தே இல்ல. உய்யா நொன்னா?"

நான் எழுதினேன்: "அதையே போய்ச் சொல்லுங்கோ." பிரெஞ்சில் எப்படிச் சொல்வது என்று கேட்டார். அதையும் எழுதினேன்.

கொஞ்ச நேரம் கழித்து அடுத்தது வந்தது. "சொன்னேன். ஜன்னல் வழியா எதிர்ல கொடியைப் பார்த்தாங்க. தலையாட்டினாங்க. முதல் தடவையா மெர்சி சொன்னாங்க. அப்புறம் 'பினொட் எங்கே?'ன்னு கேட்டாங்க. பினொட்னா என்ன தம்பி?"

கடையில் இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். அவசரத்தில் ஒரே ஒரு சொல் எழுதி அனுப்பினேன்.

"கச்சான்."

இரண்டு நிமிடம் கழித்து, மூச்சு வாங்கியபடி எழுதியது போல, சதீஷின் மறுமொழி வந்தது.

"எட்டாவது மாடியைப் பூட்டிட்டேன்."